சதாசிவன் சோதனை போட்ட கீரி வண்டி

பொன்னுதாஸின் ரப்பர் புகைப்புரைக்குள் என்னமோ நடக்கிறது என்ற பேச்சு கேரள எல்லையோர ஆரியங்கோட்டில், பிஜுவின் சாயாக்கடையில்தான் பிறந்தது. பிறந்தபோது அது சின்னப் பேச்சு. பொன்னுதாஸ் ஒரு வண்டி செய்கிறான், அவ்வளவுதான். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் வண்டி செய்தால் அதில் என்ன ருசி? ஆகவே ஊர் அதற்குக் கொஞ்சம் சதை போட்டது. பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி கறுப்பாகியிருந்தது. பெருங்கடவிளைச் சந்தையில் அதன் நம்பர் பலகை கழன்று, சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய அறை முளைத்தது. அம்பூரி மலை ஏறி, ரப்பர் வெட்டுகிறவர்களோடு திரும்பி இறங்கி வந்தபோது அந்த அறை நிறைய, கள்ளச்சாராயம் கலக்குகிற ஸ்பிரிட் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதை வாங்க ஆள் தயாராக நின்றான். அவன் சட்டை நிறம்கூடச் சிலருக்குத் தெரிந்திருந்தது.

"சாரே, கேட்டீங்களா?" என்றான் பிஜு சதாசிவனிடம், சாயாவை ஆற்றிக்கொண்டே. "நான் பறஞ்சேன்னு வேண்டாம்."

"யாரு பறஞ்சது?"

"எல்லாரும் ஆக்கும்."

"எல்லாரும்னா அதுக்கொரு பேரு வேணும். எந்த வழியா வந்து, எப்போ வந்து, கூட யாரு உண்டு?"

பிஜு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டான். சதாசிவனிடம் ஒரு சங்கதி சொன்னால் சொன்னவனும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும்.

சதாசிவன் எல்லைச் சோதனைச்சாவடியில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டிலிருந்து வருகிற லாரிகளை நிறுத்தி, மேலே மூடிய தார்ப்பாயைத் தூக்கி, உள்ளே சொன்ன சரக்குதான் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. முழங்கை நீளத்துக்கு முனை கூர்த்த ஒரு கம்பி வைத்திருப்பார். சாக்கில் குத்துவார், இழுப்பார், முனையை மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார். டிரைவர்மார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு "மல்லி" என்பார். பெரும்பாலும் அது சீரகமாக இருக்கும். ஆனாலும் அவர் மோந்து பார்க்கிற தோரணையில் ஒரு தீர்ப்பின் கனம் இருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

பிறகு வரி முறை மாறியது. சாவடி போனது. குறுக்குக் கம்பத்தைக் கழற்றி எங்கோ கொண்டுபோனார்கள். சாக்கு குத்தும் கம்பியை யாரும் கேட்கவில்லை, சதாசிவன் அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். ஏதோ ஓர் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே கொஞ்சநாள் உட்கார வைத்து, அப்படியே ரிட்டயர் ஆக்கிவிட்டார்கள். லாரி போய்விட்டது, கம்பியும் சந்தேகமும் அவரோடு தங்கிவிட்டன. அவர் அதுகளைச் சும்மா வைத்திருக்கவில்லை. விஜயம்மா கடைக்குப் போய்த் திரும்பினால் பையைத் திறந்து காட்ட வேண்டும். பலாப்பழத்தைக் குத்தி மோந்து பார்த்த பிறகே வெட்டலாம். கல்யாணம் விளிக்க வந்தவர்களை கேட்டிலேயே நிறுத்தி "எங்கேருந்து வாறீங்க, பைக்குள்ள என்ன?" என்று கேட்டதில், இரண்டு குடும்பங்கள் அழைப்பிதழை மதில்மேல் வைத்துவிட்டுப் போயின.

இதெல்லாம் ஊர் சிரித்துவிட்டு விட்டது. சிரிக்க முடியாமல் போனது கோயில் திருவிழாவில். ஜங்ஷனில் தார்ப்பாய் மூடிய மினி லாரி ஒன்று நின்றதைப் பார்த்து, ரேஷன் அரிசி கடத்துகிறார்கள் என்று சதாசிவன் போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே ராவணன். ஊர்வலத்துக்குச் செய்த தெர்மாகோல் தலைகள், மீசையெல்லாம் முறுக்கி, பளபளவென்று. தலைகளுக்குள் அரிசி இருக்கலாமே என்று சதாசிவன் எடுத்துச் சொன்னதன் பேரில் இரண்டைப் பிளந்தும் பார்த்தார்கள். செண்டை மேளம் ரோட்டில் காத்துக் கிடந்தது. அந்த வருஷம் ராவணன் எட்டுத் தலையோடு ஊர்வலம் வந்தான். கோயில் கமிட்டிக்காரர்கள் அன்றோடு சதாசிவனிடம் பேச்சை நிறுத்தினார்கள். கமிட்டிக்காரர்களின் அண்ணன் தம்பி, மச்சினன் மாமன் எல்லாரும் நிறுத்தினார்கள். அதாவது ஊர்.

நிறுத்தாத ஒரே ஆள் பொன்னுதாஸ். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு. பழைய மிஷன் சபைக் குடும்பம், வெல்டிங் வேலை. இரும்பு கேட், கூரை, சபையின் மணிக்கூண்டு ஏணி எல்லாம் அவன் ஒட்டியதுதான். பட்டறையை அடைத்துவிட்டு சாயங்காலம் நேரே வருவான். விஜயம்மா பாலில்லாத கட்டன்சாயா கொடுப்பாள். "விடும் அண்ணா, அவனுக்கு எட்டுத் தலையே ஜாஸ்தி" என்று சொல்லி சதாசிவனைச் சிரிக்க வைத்தவன் அவன்தான். அந்தச் சாயங்காலத்தைத் தவிர சதாசிவனுக்குப் பேச வேறு ஆள் இல்லை. விஜயம்மாவோ புருஷனிடம் பேசுவதைவிட டி.வி.யிடம் பேசுவது மேல் என்று எப்போதோ முடிவெடுத்தவள்.

அந்தப் பொன்னுதாஸ் இப்போது கொஞ்ச நாளாக வருவதில்லை.

வழியில் கண்டால் "சோலி உண்டு அண்ணா, வாறேன்" என்று நடையைக் கூட்டுகிறான். சாவடியில் நின்று கற்றது ஒன்று சதாசிவனுக்கு உண்டு. நிறுத்து என்று கை காட்டும்போது வேகம் கூட்டுகிற வண்டியில்தான் சரக்கு இருக்கும். ஆனால் நேரே போய்க் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கடத்தல் உண்மையென்றால் பொன்னுதாஸ் போய்விடுவான், ஜெயிலுக்கு. பொய்யென்றால், கேட்ட பாவத்துக்கு, கோபித்துக்கொண்டு போய்விடுவான். இரண்டு வழியிலும் சாயங்காலம் நஷ்டம். கேட்காமல் தெரிந்துகொள்வது ஒன்றுதான் வழி. மதிலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

புகைப்புரை என்பது ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி உலர்த்துகிற சின்ன அறை. பொன்னுதாஸின் தகப்பனார் காலத்தில் கட்டியது. அதிலிருந்து இப்போது புகை வரவில்லை. தட்டுகிற சத்தம் வந்தது, தேய்க்கிற சத்தம் வந்தது. ஒருநாள் ஆட்டோவில் பஸ்ஸின் ஹெட்லைட்டுகள் வந்து இறங்கின. பிறகு ஏதோ வெள்ளை நார் விரிப்பைப் பாய்போலச் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். அப்புறம் தகர டின்கள். டின்களைச் சாக்கு போட்டு மூடியிருந்தது. சாக்கு போட்டு மூடியிருந்தது என்பதை சதாசிவன் தனக்குள் இரண்டுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மதிலின் வேறொரு மூலையில் பொன்னுதாஸின் மனைவி விமலகுமாரி விஜயம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்க சட்டி மூடி நாலையும் காணல்ல. எல்லாம் ஒரே அளவு. இவருகிட்ட கேட்டா, சட்டிய எலை வச்சு மூடுன்னு பறயுகாரு."

"ஆம்பிளைக்கு எதுக்கு மூடி?"

"அதைத்தான் நானும் கேக்குகேன். புகைப்புரைக்க சாவியும் தரமாட்டேங்குகாரு. பிள்ளைகள்கிட்ட கேட்டாலும் சிரிக்குகாங்களே தவிர பறயல்ல."

சட்டி மூடி எதற்கு? சாராயம் வாற்றுவதற்கு. சதாசிவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுதாஸ் வீட்டார் ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து, சாக்கு குத்தும் கம்பியோடு மதிலைத் தாண்டினார். வேஷ்டி ஓர் ஆணியில் மாட்டிக் கொஞ்சம் கிழிந்தது. புகைப்புரைக் கதவில் பூட்டு. சுவரில் புகை போக விட்ட துவாரங்களில் ஒன்றில் கண் வைத்தார், உள்ளே கும்மிருட்டு. கம்பியை உள்ளே விட்டார். கொஞ்ச தூரம் காற்று. அப்புறம் எதிலோ முட்டியது. சாக்கை அமுக்குவதுபோல ஓர் அமுக்கு. அரைப் பழமாக இருக்கும் பலாவில் இறங்குவதுபோல, நெறுக்கென்று இறங்கியது. இழுத்தார். முனையில் பிசுபிசுவென்று ஏதோ. மோந்தார். மூக்குத் தண்டு வழியே உச்சி மண்டை வரை ஏறியது.

ஸ்பிரிட்!

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாருடைய புகைப்புரையாக இருந்தாலும் கம்பி காய்வதற்குள் போன் செய்திருப்பார். கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. பொன்னுதாஸின் பெயரைச் சொல்ல வேண்டாம், இடத்தை மட்டும் சொல்வோம். இடத்துக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிப்பது அதிகாரிகளின் பாடு. இந்த நியாயம் தமக்கே முழுசாகப் பிடிக்காததால், விஜயம்மாவுக்குக் கேட்காமல் இருக்கக் குளிமுறிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு எக்சைஸ் என்கிற கலால் ஆபீசுக்குப் போன் செய்தார்.

மறுநாள் ஜீப் வந்தது. சதாசிவன் தற்செயலாகக் கேட்டில் நின்றார். தற்செயலாக நிற்பதற்காகக் காலையிலேயே சட்டை போட்டிருந்தார்.

பொன்னுதாஸ் பூட்டைத் திறந்தான். முகத்தில் பயம் இல்லை, கல்யாணத்துக்கு முன்னே பெண்ணைக் காட்டச் சொன்னதுபோல ஒரு சங்கடம்தான் இருந்தது. கதவு இரண்டும் விரிய, வெளிச்சம் உள்ளே போனது. எக்சைஸ்காரர்களில் வயசானவர் சத்தமாகவே கத்திவிட்டார்.

"எடா, கீரி வண்டி!"

அந்த வண்டியைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. சதாசிவன் சர்வீசில் சேர்ந்த காலத்தில் எல்லையின் இரண்டு பக்கமும் ஓடோ ஓடென்று ஓடிய கடத்தல் படத்தில் நாயகன் ஓட்டுகிற கார். நீண்ட மூக்கு, கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, வாலைத் தூக்கியது போலப் பின்பக்கம். பொன்னுதாஸ் ஒரு பழைய காண்டெசா காரின் அடிப்பாகத்தை எடுத்து, இரும்புக் குழாயில் கூடு கட்டி, அதன்மேல் ஃபைபர் நாரும் ரெசின் என்ற நெடியடிக்கும் பசையும் பூசி அச்சு அசலாக அதைச் செய்திருந்தான். இஞ்சின் ஜீப்புடையது. சக்கரங்களின் நடுவே விமலகுமாரியின் சட்டி மூடிகள் நாலும் பாலிஷ் போட்டு மின்னின.

"எனக்க மூடி!" என்று விமலகுமாரி பின்னாலிருந்து அலறினாள்.

வயசான எக்சைஸ்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்து போட்டோ எடுத்தார். மற்றவர்களும் வரிசையாக எடுத்தார்கள். பிறகுதான் வந்த வேலை நினைவு வந்து டின்னை மோந்து பார்த்தார்கள்.

"இது ரெசின் அல்லே? போன் விளிச்சவனுக்கு மூக்கு கிடையாதா?"

பொன்னுதாஸ் அதற்குள் வண்டியின் முன்னால் போயிருந்தான். குனிந்து வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தான். அங்கே, காய்ந்து முடியாத ஃபைபரில், உருண்டையாக ஓர் ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான். சதாசிவன் அதற்குள் கேட்டில் இல்லை.

வீட்டுக்குள் போன சதாசிவனை வேறொரு எண்ணம் பிடித்துக்கொண்டது. கீரி வண்டி! அந்தப் படத்தின் பெரிய சீனே சோதனைச்சாவடி சீன்தான். வண்டி குறுக்குக் கம்பத்தை உடைத்துக்கொண்டு பாய, காக்கிச் சட்டை போட்ட சாவடிக்காரன் கையில் கம்பியோடு சாக்கடையில் விழுவான். தியேட்டர் குலுங்கும். அந்தப் படம் வந்தபின் பல வருஷம் லாரிக்காரர்கள் சதாசிவனைக் கண்டால் அந்தச் சீனின் பாட்டை விசிலடித்தார்கள். இருக்கிற சினிமா வண்டியெல்லாம் விட்டுவிட்டு பொன்னுதாஸ் எதற்கு இந்த வண்டியைச் செய்ய வேண்டும்? ஊரே சேர்ந்து எதற்கு மறைக்க வேண்டும்? ஸ்பிரிட் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. பொன்னுதாஸ். விரலெல்லாம் வண்டியில் பூசுகிற பட்டி காய்ந்து வெள்ளையாக இருந்தது. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். விஜயம்மா கட்டன்சாயாவை வைத்துவிட்டு, ஆச்சரியமாக, டி.வி.யை நிறுத்தினாள்.

"கேட்டீரா அண்ணா, எவனோ எனக்க வீட்டுக்கு எக்சைசை அனுப்பிட்டான்."

"கேட்டேன்."

"வண்டி மூக்கில ஓட்டையும் போட்டிருக்கான்."

"எலியா இருக்கும்."

"நானும் எலின்னுதான் நெனச்சேன். நல்ல நீளமுள்ள எலியாக்கும்."

சதாசிவன் சாயாவைக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது, காட்டிக்கொள்ளவில்லை. எதிர்த்துத் தாக்குவதே மேல் என்று பட்டது.

"எலே பொன்னுதாசே, உனக்குச் செய்ய வேற வண்டியே கிட்டல்லியா? அந்தச் சாவடிச் சீனு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அதுக்குத்தான் அண்ணா இங்கோட்டு வராம இருந்தது." பொன்னுதாஸ் தலையைச் சொறிந்தான். "நம்ம ஊரு கிளப்புக்காரங்க ஓணத்துக்கு அந்தச் சீனை மைதானத்தில நடத்தணும்னு வந்து நின்னாங்க. சாவடிக்காரனாட்டு ஒரு பொம்மையும் செய்யணுமாம். பொம்மைக்கு உமக்க மீசை வேணும்னு பறஞ்சாங்க. நான் என்ன செய்ய? இந்த வண்டிய ஒருதரம் ஓட்டிப் பாக்கணும்னு படம் பாத்த நாளிலேருந்து எனக்கு ஆசை. உம்மகிட்ட பறயவும் முடியல்ல, வேண்டாம்னு அவங்ககிட்ட பறயவும் முடியல்ல."

"பொம்மை செஞ்சாச்சா?"

"இல்ல. பொம்மைக்குப் பதிலா நீரே நில்லும்."

சதாசிவன் அவன் முகத்தை லாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். பழிவாங்குகிறானா, சமாதானம் பேசுகிறானா? அந்த முகத்தில் தார்ப்பாய் மூடியிருந்தது.

"நான் சாக்கடையில விழமாட்டேன்" என்றார் கடைசியில்.

"விழவேண்டாம். கம்பியையும் கொண்டு வாரும்."

கம்பி என்று அவன் சொன்ன விதம் அன்றிரவு முழுக்க சதாசிவனைத் தூங்கவிடவில்லை.

ஓணத்தன்று, ரோட்டில் இறக்கினால் மோட்டார் வாகனக்காரர்கள் பிடித்துவிடுவார்கள் என்பதால் வண்டியை ரப்பர்த் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டி மைதானத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் முன்வரிசை. வாழைத்தண்டைச் சீவி, கறுப்பும் மஞ்சளும் பூசி, குறுக்குக் கம்பமாக வைத்திருந்தார்கள். காக்கிச் சட்டை சதாசிவனுக்கு வயிற்றில் கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. எப்போது சாக்கடையில் விழுவார் என்று ஊர் காத்திருந்தது. கம்பத்துக்குப் பின்னால் பள்ளம் வெட்டித் தண்ணீர் விட்டு வைத்திருந்ததை அவர் வந்தவுடனே சோதனை போட்டுக் கண்டுபிடித்திருந்தார். அது யார் ஏற்பாடு என்று மட்டும் தெரியவில்லை.

மைக்கில் அந்தப் பாட்டு. கீரி வண்டி உறுமிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட பொன்னுதாஸ், வாழ்நாள் முழுக்க அதற்காகவே வெல்டிங் அடித்தவன்போல உட்கார்ந்திருந்தான். வண்டி நேரே வந்தது. வேகம் குறையவில்லை. சதாசிவன் கையைத் தூக்கினார். நடிப்புக்குத் தூக்கியதல்ல, சர்வீஸ் முழுக்கத் தூக்கிய கை அது. உடம்பில் பாதி ஒதுங்கச் சொன்னது, ஒதுங்கினால் பள்ளம்.

வாழைத்தண்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

ஊர் "அய்யே" என்றது. படத்தில் இப்படி இல்லை. பொன்னுதாஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"சாரே, சோதனை போடணுமா?"

சிரிப்பு மைதானத்தின் ஒரு மூலையில் தொடங்கியது. சதாசிவன் யாரையும் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார், சட்டி மூடியைச் சுண்டிப் பார்த்தார், பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லித் தலையை உள்ளே விட்டார். கூட்டம் விசிலடித்தது. கமிட்டித் தலைவரும் அடித்தார். மூக்குப் பக்கம் வந்தபோது ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சின்ன ஹாரன் குழல் இருப்பதைக் கண்டார். படத்து வண்டியில் அது கிடையாது.

"இதென்ன?" என்றார் மெதுவாக.

"எலிக்கு ஆக்கும்" என்றான் பொன்னுதாஸ், அதைவிட மெதுவாக. ஹாரனை அமுக்கினான். சதாசிவன் துள்ளினார். கம்பத்தைத் தூக்கி, வழி விட்டார்.

அன்று சாயங்காலம் இருவரும் பிஜுவின் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் சதாசிவனைப் பார்த்து "சட்டை இறுக்கமாட்டு இருந்துதே சாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். வருஷங்களுக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை. அதில் உள்ளர்த்தம் உண்டா என்று சதாசிவன் யோசித்துக்கொண்டிருக்கையில் பிஜு துண்டால் மேசையைத் துடைத்தபடி வந்தான்.

"ஒரு காரியம் சாரே. அன்னைக்கு அந்த எக்சைஸ்காரங்க போற வழியில இஞ்ச கேறி சாயாவும் பழம்பொரியும் வயறு முட்டத் தின்னாங்க. பைசா கேட்டா, எங்களை விளிச்ச ஆளு தருவான்னு பறஞ்சுட்டு ஜீப்பில ஏறிட்டாங்க. விளிச்ச ஆளு யாருன்னு எனக்குத் தெரியல்ல. உங்களுக்கு எதாவது தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தருவான்டே" என்றான் பொன்னுதாஸ், பழம்பொரியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு. "மானமுள்ளவனாட்டு இருந்தா தருவான். இல்லியா அண்ணா?"

சதாசிவனின் கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. ரூபாய் நோட்டு விரலில் பட்டது. பொன்னுதாஸ் அந்தப் பையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எதிரிலிருந்த சுவரை ரொம்ப உன்னிப்பாகப் பார்த்தான். சுவரில் ஒன்றும் கிடையாது.

"எனக்க சாயாவுக்கும் இவனுக்க சாயாவுக்கும் எடு" என்று சதாசிவன் நோட்டை நீட்டினார். பிஜு மீதியைக் கொண்டுவந்தான். கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். சதாசிவன் அதை வாங்கி, எண்ணி, பையில் போட்டார். ஜீப்காரர்கள் தின்ற பழம்பொரிக் கணக்கு பாக்கியாகவே நின்றது.